எர்த்துக் குழிக்கு ஒரு குடம்

கடப்பாரையை ஓங்கி ஓங்கிக் குத்தினேன். எர்த் வேலை செய்யவில்லை என்று கண்டுபிடித்த வயர்மேன் பால்ச்சாமி, தானே தோண்டுவதாகச் சொல்லிப் பார்த்தார். நான் விடவில்லை.

என் கையால் தண்ணீர் ஊற்றிய குழி. நானே தோண்டுகிறேன்.

ஆடிக் காற்று புழுதியை வாரி மூஞ்சியில் அடித்தது. பக்கத்து மாடியில் அண்ணனின் டிவி ஆன்டெனா வழக்கம்போல விசிலடித்துக்கொண்டிருந்தது.

நேற்றுக் காலை தறி மோட்டாரைத் தொட்ட என் வீட்டுக்காரரைக் கரண்டு பிடித்துவிட்டது. உயிர் தப்பியதே பெரிய விஷயம். வலது கையில் இரண்டு விரல் கருகி, அருப்புக்கோட்டையில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறார். இனி அந்தக் கை அறுந்த இழையை முடிச்சுப் போடுமா என்று கேட்டால் டாக்டர் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார்.

வீட்டு மீட்டரிலிருந்து லைன் இழுத்து, பின்னாலிருக்கும் தறிக்கொட்டகைக்குத் தனியாக போர்டு வைத்தது என் அண்ணன் பொன்ராஜ். டவுனில் வயரிங் வேலை பார்க்கிறவன். தங்கச்சி வீட்டில் கூலி வாங்குவேனா என்றான். கூடப்பிறந்தவன் செய்த வேலையை யாராவது சோதித்துப் பார்ப்பார்களா?

மோட்டாரில் கரண்டு கசிந்தால் ஆளைப் பிடிக்காமல் மண்ணுக்குள் இறங்கிவிட, கொட்டகைக்கென்றே எர்த் பைப்பும் வாங்கினோம். ஆள் உயரத்துக்கு மேல் இரும்பு பைப்பு. தண்ணீர் கசிவதற்காக அடிப்பக்கம் ஒரு முழத்துக்கு வரிசையாக ஓட்டை. அதைக் குழியில் இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் போட வேண்டும்.

நாங்கள் எம்.ரெட்டியபட்டியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்புவதற்குள் அண்ணன் எல்லாவற்றையும் முடித்துவிட்டான். குழியை மூடி சிமெண்ட் பூசி, மேலே ஒரு தகரப் புனலும் நட்டிருந்தான். தினம் ஒரு குடம் ஊற்று, குழி காய்ந்தால் எர்த் செத்துவிடும் என்றான்.

ஊற்றினேன். கிணறு வறண்டு, லாரித் தண்ணீருக்குத் தெருவே அடித்துக்கொண்ட கோடையிலும் ஊற்றினேன். நான் குளிக்காமல் கிடந்த நாளிலும் அது குளித்தது. ஆயுத பூஜைக்கு அந்த சிமெண்டுக்கும் பொட்டு வைத்தேன். மடச்சி.

சிமெண்ட் பெயர்ந்தது. கரி வந்தது. உப்பு கரைந்த ஈரமண் வந்தது. இடுப்பளவு தோண்டியபோது எர்த் வயரின் முனை வந்தது. ஒரு செங்கல்லில் சுற்றிக் கட்டியிருந்தது.

அதற்குக் கீழே வெறும் மண்தான்.

பால்ச்சாமி குனிந்து பார்த்தார். “ஏத்தா, வயரு இருக்கு. பைப்பு எங்க?”

குழிக்குள் கையை விட்டு இன்னும் ஒரு சாண் துழாவினேன்.

மறுபடி காற்று வீசியது. மறுபடி விசில்.

ரெண்டு வருஷமாக அந்தச் சத்தத்தைக் கேட்கிறேன். ஏன் என்று ஒருநாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை. இன்றைக்குப் பார்த்தேன்.

ஆன்டெனாவைத் தாங்கி நிற்கும் பைப்பின் உச்சியில், ஒரு முழத்துக்கு, வரிசையாக ஓட்டை. தலைகீழாக நட்டிருக்கிறான்.

கடப்பாரையோடு அண்ணன் வீட்டுப் படி ஏறினேன்.

போன ஞாயிற்றுக்கிழமையும் டிவியில் படம் ஆடியது. “மாப்ளே, இன்னுங் கொஞ்சம் கெழக்க திருப்புங்க” என்று அண்ணன் கீழே நின்று கத்தினான். மாடியில் அந்தப் பைப்பைப் பிடித்துத் திருப்பியவர் என் வீட்டுக்காரர்தான். அதே வலது கையால்.