ஏழு புல்லுக்குருவி

"உங்களுக்குத்தான் காது அவுட்டாச்சே, அப்புறம் எதுக்கு அங்க கழுத்த நீட்டிக்கிட்டு நிக்கிறீங்க?"

ரோட்டோரப் புல்வெளியில மாமியார் இப்படிக் கேட்டதும் மருமகனுக்குச் சுருக்குன்னுது. இத்தனைக்கும் திட்டு வாங்கினது மாமனார்.

வருஷத்துக்கு ஒரு தடவ இந்தக் கணக்கெடுப்பு. விடிஞ்சதும் கெளம்பி, பத்து எடத்துல காரை நிறுத்தணும். எடத்துக்கு அஞ்சு நிமிஷம் வாயைத் தெறக்காம நின்னு, புல்லுக்குருவி எத்தனைன்னு எழுதிப் பறவைச் சங்கத்துக்கு அனுப்பணும். அந்தக் குருவி கண்ணுல சிக்காது. புல்லுக்குள்ள பதுங்கிக்கிட்டு, பூச்சி மாதிரி மெல்லிசா குரலை இழுக்கும். காதால எண்ணினாத்தான் உண்டு.

மாமனார் இருபத்தாறு வருஷமா எண்ணினவர். மாமியாருக்கே அவர்தான் சொல்லிக் குடுத்தார். மூணு வருஷமா மத்த சத்தமெல்லாம் கேக்குது, இது மட்டும் கேக்கல. வயசானா மெல்லிசுச் சத்தம்தான் மொதல்ல போகும்னு மாமியார் சொல்லிட்டாங்க. அதுலேர்ந்து எண்ணுறது, எழுதுறது, படிவத்தைக் கைப்பையில போட்டு ஜிப்பை இழுக்கிறது எல்லாமே அவங்க டிபார்ட்மென்ட்.

இந்த வருஷம் கார் ஓட்ட மருமகன். அவனுக்கும் ஒண்ணும் கேக்கல. ஹாரனும் பொண்டாட்டி குரலும் தவிர வேற எதுவும் பழகாத காது, அதனால அவன் அதைப் பெருசா எடுத்துக்கல.

எல்லா எடத்துலயும் இதே கூத்துதான். மாமனார் கண்ணை மூடி நிப்பார். அஞ்சு நிமிஷம் முடிஞ்சதும், பரீட்சை ரிசல்ட்டு பாக்க வந்தவர் மாதிரி பொண்டாட்டி மூஞ்சியைப் பாப்பார்.

"நாலு. வேலியோரம் ரெண்டு, அந்தப் பக்கம் ரெண்டு. கால்மாட்டுலயே கத்துச்சு, அதுகூடவா கேக்கல?"

"இருக்குல்ல? அது போதும்மா"ம்பார் மாமனார்.

ஆறாவது எடத்துல மருமகன் மெதுவா காது மெஷின் பேச்சை எடுத்தான். மாமியார் வெட்டினாப்புல சொல்லிட்டாங்க, இந்த வயசுல அதெல்லாம் ஒண்ணும் வேணாம், நீங்க ரோட்டைப் பாத்து ஓட்டுங்கன்னு. கல்நெஞ்சுன்னு கேள்விப்பட்டிருக்கான். அது முன்சீட்டுல பெல்ட் போட்டு உக்காந்து வரும்னு இன்னிக்குத்தான் பாத்தான்.

எட்டாவது எடத்துல அவங்க முன்னாடி நடந்ததும், மருமகன் மாமனார் பக்கம் சாஞ்சு, நாளைக்குப் பத்து மணிக்குக் காது டாக்டர்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன், அத்தைக்குத் தெரிய வேணாம்னு கிசுகிசுத்தான்.

மாமனார் அவன் கையைப் புடிச்சுக்கிட்டார்.

"இன்னொரு தடவ அதைக் கேட்டுட்டேன்னா போதும் மாப்பிள்ளை."

பத்தாவது எடம். மேகம் கவிஞ்சு கெடந்துச்சு. புல்லு அசையுது, அவ்வளவுதான். "ஏழு"ன்னு சொல்லி மாமியார் முடிச்சாங்க. ஏழான்னு சிரிச்சுக்கிட்டே மாமனார் காருக்குப் போனார்.

மாமியார் எழுதிக்கிட்டு இருந்த படிவத்தைக் காத்து பிடுங்கிட்டுப் போச்சு. மருமகன் ஓடிப் புடிச்சான். குடுக்கும்போது கண்ணு தானா அதுல விழுந்துச்சு.

பத்துக் கட்டம். பத்துலயும் சைபர்.

"என்ன அத்தை இது? ஏழுன்னீங்க?"

"சங்கத்துக்குப் பொய் எழுத முடியுமா?"

"அப்ப மாமாவோட காது?"

"அதுக்கென்ன, பாம்புக் காது." பேப்பரை நாலா மடிச்சாங்க. மடிப்பு நேரா வரல. "மூணு வருஷமா இங்க ஒண்ணுகூட இல்ல மாப்பிள்ளை. காது போச்சுன்னு சொன்னேன். ரெண்டு நாள் சரியா சாப்பிடல, அப்புறம் தேறிட்டார். குருவி போச்சுன்னு சொன்னா தேற மாட்டார்."

மருமகன் வந்து வண்டியில ஏறினான்.

பின்சீட்டுலேர்ந்து மாமனார் ரகசியமா அவன் தோளைத் தட்டினார், நாளைக்குப் பத்து மணிதானேன்னு.

அவன் திரும்பாமலே சொன்னான்.

"எனக்கே ஏழும் கேட்டுச்சு மாமா. உங்க காதை இனிமே எந்த டாக்டர்கிட்ட காட்டியும் புண்ணியமில்ல."