எஃப் டிரைவ்

ஈ டிரைவில் அழித்த வீடியோ எஃப் டிரைவில் அப்படியே இருந்தது. இசக்கிமுத்து திரையை இன்னொரு முறை உற்றுப் பார்த்தான்.

பெருமாநல்லூர் பனியன் கம்பெனியில் அவன்தான் பேக்கிங் இன்சார்ஜ். துணியில் ஊசித் துண்டு சிக்கியிருந்தால் கத்திக் காட்டிக்கொடுக்கும் டிடெக்டர் மெஷின் நேற்று மக்கர் பண்ணியது. லாரிக்கு நேரமாகிறதென்று, குழந்தை பனியன்களை அதில் விடாமலே பெட்டி கட்டிவிட்டான். கேமரா அதைப் பார்த்துத் தொலைத்திருந்தது. இன்று சரக்கு வாங்கும் பையர் ஆட்கள் வந்து வீடியோ கேட்பார்கள்.

கம்ப்யூட்டர் பார்க்கும் கீர்த்தனா சாப்பிடப் போன சமயம் பார்த்து கம்ப்யூட்டர் அறைக்குள் நுழைந்திருந்தான். போன வாரம் அவள் கேமரா வீடியோக்களைச் சேமிக்கப் புது ஸ்டோரேஜ் பெட்டி ஒன்றை வைத்து, சர்வரிலிருந்து இரண்டு கேபிள் இழுத்துக்கொண்டிருந்தபோது, "ரெண்டு எதுக்கும்மா?" என்று கேட்டிருந்தான்.

"ஒண்ணு போனாலும் இன்னொண்ணு இருக்குமுங்கண்ணா. அதுக்குண்டான சாப்ட்வேர்தான் நம்ம பழைய சர்வர்ல சேர மாட்டேங்குது."

எஃப்பிலும் அழிக்கப் பார்த்தான். முடியாது என்றது. மறுபடி அமுக்கினான், திரை உறைந்தே போனது. திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல நின்றவனுக்குப் பின்னால் முதலாளி திருமூர்த்தியின் குரல் கேட்டது.

"இங்க என்ன பண்றே இசக்கி?"

சாக்குச் சொல்லத்தான் வாயைத் திறந்தான். இன்னொரு காப்பி இருக்கிறதே, பொய் எத்தனை நேரம் நிற்கும்? எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். "வீடியோவ அழிச்சும் பாத்துட்டேன் மொதலாளி. எஃப்ல இன்னும் கெடக்கு. போலீசுக்கு மட்டும் போயிராதீய."

முதலாளி பையர் ஆட்கள் வருவதால் இன்னும் கிளம்பாமல் நின்ற லாரியிலிருந்து பெட்டிகளை இறக்கச் சொன்னார். காலையில் சரிசெய்திருந்த மெஷினுக்குள் பனியன்கள் ஒவ்வொன்றாகப் போயின. ஒன்றில் அது வீறிட்டது.

கழுத்துப் பட்டியில் அரை ஊசி. இசக்கிமுத்து அதைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான்.

"அந்த எஃப்ல இருக்கறதப் போடு கண்ணு. பையருக்குக் காட்டியே ஆகோணும்," என்றார் முதலாளி, சாப்பிட்டுத் திரும்பியிருந்த கீர்த்தனாவிடம்.

அவள் கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டாள். ஈயைப் பார்த்தாள், எஃப்பைப் பார்த்தாள், பிறகு இசக்கிமுத்துவைப் பார்த்தாள்.

"இருக்கறது ஒரே டிஸ்க்குதானுங்கண்ணா, அந்த சாப்ட்வேர் இல்லாததால ரெண்டு கேபிள்ல வந்து ரெண்டாத் தெரிஞ்சுது, எஃப்ல நீங்க பாத்தது அழிக்கறதுக்கு முந்தின பழைய லிஸ்ட்டு, நீங்க மொதல்ல அழிச்சப்பவே எல்லாம் போயிருச்சுங்க."