எஞ்சின் தாங்காது

எஞ்சின் சூடு சிவப்புக் கோட்டைத் தாண்டிவிட்டது. பின்னால் எதிரி விமானங்கள் இரண்டு விரட்டி வந்தன. முன்னால் போன ஷ்யாமின் விமானமோ மேகத்துக்குள் புள்ளியாகத் தேய்ந்துகொண்டிருந்தது. அவனைத் தவறவிட்டால் அவ்வளவுதான் என்று சுந்தரராமன் வேகத்தைக் குறைக்காமல் பறந்தார்.

அவர் உட்கார்ந்திருந்தது என்னவோ மாடம்பாக்கம் வீட்டின் சாப்பாட்டு மேஜை முன்னால்தான். மேஜைமேல் லேப்டாப், பக்கத்தில் ரிச்சி தெருவில் பழசாக வாங்கிய ஜாய்ஸ்டிக். ரிடையரான மனுஷனுக்கு இது என்ன கூத்து என்று சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். பெற்ற பிள்ளையோடு பேச அவருக்கு வேறு வழியில்லை.

வேலையை விட்டுவிட்டு, இந்த விமானச் சண்டை விளையாட்டே கதி என்று கிடந்த ஷ்யாம்சுந்தரை, இதுவா உனக்குச் சோறு போடும் என்று ஒருநாள் வாய்க்கு வந்தபடி ஏசித் தொலைத்தார். ஒரு பையை மட்டும் தூக்கிக்கொண்டு போனவன்தான், மாடி அறையில் அவன் கம்ப்யூட்டர்கூட அப்படியே கிடந்தது. போன் நம்பரையும் மாற்றிவிட்டான். ஞானாம்பாள் அழுது அழுது ஓய்ந்துபோனாள். அதற்கப்புறம் புருஷன் பெண்டாட்டி இருவரும் அவன் பேச்சையே எடுப்பதில்லை.

விளையாட்டில் அவன் வைத்திருந்த பெயர் மட்டும் இவருக்கு ஞாபகம் இருந்தது. 'கிட்டு' என்று ஒரு பொய்ப் பெயரில் நுழைந்து தேடினார். ஒரு சாயங்காலம் ஆள் அகப்பட்டான், பழைய சிநேகிதன் என்று சொல்லி ஒட்டிக்கொண்டார்.

அன்றிலிருந்து தினமும் ஜோடியாகப் பறக்கிறார்கள். ஞானாம்பாள் துணி எடுக்க மாடிக்குப் போனால் விளக்கேற்றத்தான் இறங்குவாள், அது இவருக்கு வசதியாகப் போயிற்று. குரல் காட்டிக்கொடுத்துவிடுமே என்று மைக் ரிப்பேர் எனப் புளுகி வைத்திருந்தார். நல்லவேளை, அவனும் டைப் அடிப்பதோடு சரி.

இந்த விமானத்தை முழு வேகத்தில் ஐந்து நிமிஷம்தான் ஓட்டலாம். அதற்குமேல் போனால் எஞ்சின் வெந்துவிடும். வேகத்தைக் குறைத்து, ஆறவிட்டு, அப்புறம்தான் மறுபடி கூட்டவேண்டும். அந்தப் பொறுமை சுந்தரராமனுக்கு ஜென்மத்தில் கிடையாது.

"குறைச்சு வை கிட்டு, அடிபிடிச்சிடும்" என்று ஒவ்வொரு தடவையும் அவன்தான் எழுதுவான். வீட்டில் இருந்தவரை எஞ்சினைத் தீய்த்துவிட்டு மேஜையைக் குத்துகிறவன், இந்த நிதானத்தை எங்கே கற்றான் என்று இவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது. ஒருநாள் மட்டும், நாம கடைசியா எப்போ நேர்ல பார்த்தோம் என்று கேட்டு வைத்தான். ஞாபகமில்லை என்று மழுப்பினார்.

இன்று ஏறினதுமே குண்டைத் தூக்கிப் போட்டுவிட்டான். இன்னிக்குத்தான் கடைசி, நாளையிலேர்ந்து வரமாட்டேன் என்று எழுதினான். ஏன் என்று மூன்று தடவை கேட்டார், அவன் பாட்டுக்கு முன்னால் பறந்தான்.

வேகத்தைக் குறைத்தால் அவன் கைநழுவிப் போய்விடுவான். குறைக்காவிட்டால் எஞ்சின் போய்விடும். என்ன செய்வார் பாவம், குறைக்காமலே விரட்டினார். புகை கிளம்பியது, முன்விசிறி இரண்டு சுற்று திணறிவிட்டு நின்றது.

இனி இந்த விமானம் தரையைத் தொடுகிறவரைதான் அவகாசம். சுந்தரராமன் ஜாய்ஸ்டிக்கை விட்டுவிட்டு, மளமளவென்று டைப் அடித்தார்.

"ஷ்யாம், நான் கிட்டு இல்லடா. அப்பா. நான் பேசினது தப்புதான். நீ எங்கே இருக்கேன்னு மட்டும் சொல்லிடு."

முன்னால் போன விமானம் திரும்பவும் இல்லை, மேலே ஏறவும் இல்லை. ஓட்ட ஆளில்லாததுபோல நேராகப் போய் மலையில் மோதியது.

மாடியில் ஷ்யாமின் அறைக் கதவு திறந்தது. ஞானாம்பாள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கி வந்தாள். அவள் கழுத்தில் பிள்ளையின் பழைய ஹெட்போன் தொங்கியது. அவரையும் லேப்டாப்பையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"அவன் எங்கே இருக்கான்னு கிட்டுவுக்காவது தெரியும்னு நம்பிட்டு இருந்தேங்க."