பாதியில் நின்ற ஆட்டம்

"மேசைமேல கை வைக்காதீங்க அண்ணி. அவர் வந்து முடிக்கட்டும்."

தம்பி பெண்டாட்டி சொன்னதும் டீச்சர் துடைப்பதற்கு எடுத்த துணியை அப்படியே கீழே வைத்தாள். சாப்பாட்டு மேசையில் தம்பி பாதியில் விட்டுப்போன சீட்டுகள் வரிசை வரிசையாகக் கிடந்தன. ஒரே ஆள் உட்கார்ந்து ஆடுகிற ஆட்டம் அது.

அவன் காணாமல் போனதிலிருந்து அவன் பெண்டாட்டி அந்த மேசையில் சாப்பிடுவதே இல்லை. தட்டை மடியில் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்து ஏதோ ரெண்டு வாய் கொறிக்கிறாள். இவளைப் போயா சந்தேகப்பட்டார்கள்!

ஏரிக்கரையில் தம்பியின் ஒற்றைச் செருப்பு கிடைத்ததும் இன்ஸ்பெக்டர் முதலில் கூப்பிட்டு விசாரித்தது இவளைத்தான். டீச்சர் ஸ்டேஷனுக்கே போய்ச் சத்தம் போட்டாள். "பறிகொடுத்துட்டு நிக்கிறது நான், அவன்கூடப் பிறந்தவ. நானே இவளை நம்பறேன். உங்களுக்கு என்ன சார் வந்துச்சு?"

கடைசியில் இவளைக் காப்பாற்றியது என்னவோ இந்தச் சீட்டுதான். இவளுக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. காலையில் போனால் திரும்பிவரச் சாயங்காலம் ஆகிவிடும்.

"நான் வேலைக்குக் கிளம்பும்போது சீட்டுக்கட்டைக் கையில வச்சுக் கலைச்சுக்கிட்டு இருந்தார் சார். வந்து பார்த்தா ஆட்டம் பாதியில கிடக்கு, ஆளைக் காணோம். எனக்கு ராஜா எது, ராணி எதுன்னுகூடத் தெரியாது. எதையும் தொடலை" என்றாள்.

அன்றைக்கு முழுக்க அவள் இஸ்திரி மெஷினை விட்டு நகரவே இல்லை என்று சூப்பர்வைசரும் சொல்லிவிட்டார். அவள் கிளம்பிப் போன பிறகும் இவன் உயிரோடு உட்கார்ந்து சீட்டாடியிருக்கிறான் என்றால், அப்புறம் அவளை என்ன கேட்பது? இன்ஸ்பெக்டர் மேசையைப் போட்டோ பிடித்துக்கொண்டு, "சரிம்மா, இனிமே நீங்க இதை எடுத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவள்தான் எடுக்கவில்லை.

இன்றைக்குக் காலையில் ஏரியில் தேடுவதையும் நிறுத்திவிட்டார்கள்.

"அவன் வரமாட்டாம்மா" என்றாள் டீச்சர். சொல்லும்போதே குரல் உடைந்தது. "எத்தனை நாளைக்கு இதையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பே? நானே ஆடி முடிச்சு எடுத்து வச்சிடறேன். அவன் விட்டதை அவன் அக்கா முடிச்சதா இருக்கட்டும்."

அவள், "உங்க இஷ்டம் அண்ணி" என்று முனகிவிட்டு, துவைத்த துணிகளைக் குவித்துப் போட்டு மடிக்க உட்கார்ந்தாள்.

டீச்சர் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டாள். வேலை போனபிறகு தம்பிக்கு இதுதான் உலகம். வருகிறவர் போகிறவரையெல்லாம் பிடித்து உட்காரவைத்துப் பாடம் நடத்துவான். அவன் குரல் இப்போதும் காதில் கேட்டது.

'கவுந்து கிடக்கிற சீட்டு எந்த வரிசையில அதிகமோ, அதை முதல்ல உடைக்கணும்க்கா. உள்ளே என்ன இருக்குன்னு ஆடறவனுக்கே தெரியாது, அதுதான் இதுல ருசி. நாலு, அஞ்சையெல்லாம் அவசரப்பட்டு மேலே ஏத்தாதே, கீழே தேவைப்படும். ராஜா கண்ணுல படாம எந்த வரிசையையும் காலி பண்ணாதே. காலி இடத்துல அவனைத் தவிர வேற எவனும் உட்கார முடியாது.'

ஆட்டம் கூடினால் அன்றைக்கு வீடே சிரிக்கும். கூடாவிட்டால் தட்டு பறக்கும். ஒருதடவை மணிக்கட்டில் கட்டோடு வந்து நின்றவளிடம், "வேலை போன ஆத்திரம்மா, கொஞ்சம் அனுசரிச்சுப் போ" என்று டீச்சர்தான் புத்தி சொல்லித் திருப்பி அனுப்பினாள். இப்போது அதை நினைக்கப் பிடிக்காமல் சீட்டைப் பார்த்தாள்.

ஒரு வரிசை காலியாகக் கிடந்தது. கண்ணுக்கு எட்டியவரை ஒரு ராஜாவும் இல்லை.

"என்னடா இது, நீயா இப்படி ஆடினே?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டாள். பிறகு அவளே சமாதானம் செய்துகொண்டாள். மனசு ஆட்டத்தில் இருந்திருக்காது. அப்போதே ஏரியை நினைத்துவிட்டானோ என்னவோ. கண்ணைத் துடைத்துக்கொண்டு, மிச்சமிருந்த சீட்டுக்கட்டிலிருந்து ஒவ்வொன்றாகத் திருப்பத் தொடங்கினாள்.

ஒன்றும் நகரவில்லை. திருப்பிக்கொண்டே போனதில் கறுப்புக் கிளாவர் ஏழு வந்து சிவப்பு ஆட்டின் எட்டின்மேல் உட்கார்ந்தது. இனி அந்த ஏழின்மேல் ஒரு சிவப்பு ஆறு வேண்டும்.

ஆறு இரண்டு இருந்தன. பெரிய வரிசையின் நுனியில் ஒன்று, அதற்கு உள்ளே நாலு சீட்டு கவிழ்ந்து கிடந்தது. சின்ன வரிசையில் இன்னொன்று, அதற்குக் கீழே கவிழ்ந்திருந்தது ஒரே ஒரு சீட்டுதான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? தம்பி சொல்லிக் கொடுத்தபடியே டீச்சர் பெரிய வரிசைக்குக் கையை நீட்டினாள்.

துணி மடித்துக்கொண்டிருந்தவள் எப்போது எழுந்து வந்தாளோ, கையில் பாதி மடித்த போர்வையோடு பின்னால் நின்று ஆட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன்னை மறந்து, குழந்தைக்குச் சொல்வதுபோல அவ்வளவு மெதுவாகச் சொன்னாள்:

"அது வேண்டாம் அண்ணி, சின்ன வரிசையை எடுங்க. ராஜா அதுக்கு அடியிலதான் இருக்கான்."