சிவப்பு அம்பு

"கதவ சாத்திட்டு வா, இன்பராஜ்."

மேனேஜர் நிசார் அஹமது தன் அறைக் கதவைச் சாத்தச் சொல்லி அந்த ஆம்பூர் ஷூ கம்பெனியில் யாரும் கேட்டதில்லை. இன்பராஜ் சாத்திவிட்டுத் திரும்பினான். மேஜையைப் பார்த்தான்.

அவனுடைய பிளாக். போன வாரம் எழுதிய பதிவு, பிரின்ட் எடுக்கப்பட்டு மேஜைமேல் கிடந்தது. அதில் இங்கும் அங்குமாகச் சின்னச் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர்கள்.

செக்கிங் டேபிளில் வேலை பார்ப்பவனுக்கு அந்த அம்பைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தையல் விட்ட இடம், தோலில் கீறல், பசை வழிந்த ஓரம் என்று ஷூவில் எங்கே குறை தெரிகிறதோ அங்கே ஓர் அம்பை ஒட்டுவதுதான் அவன் வேலை. அம்பு ஒட்டின ஷூ எதுவும் நேராக டப்பாவுக்குப் போனதில்லை.

"நீ எழுதினதா?"

"ஆமா சார்."

பக்கத்து டேபிள் காசி அப்போதே படித்துப் படித்துச் சொன்னான். 'ரீல்ஸ் போட்டாலாவது நாலு பேர் பாப்பான். பிளாக்க எவன்டா படிக்கறான்? படிச்சா கம்பெனிக்காரன்தான் படிப்பான். மாட்டப்போற.'

அடுத்த மாதம் இன்பராஜுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு ஆம்பூரில் கம்பெனி வேலை என்பதற்காகவே பெண் வீட்டில் தலையாட்டினார்கள். வேலை போய்ச் சொந்த ஊரான திமிரிக்குத் திரும்பினால், அடித்து வைத்த பத்திரிகையைத் திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

"எப்ப எழுதற? வேலை நேரத்துலயா?"

"அய்யோ, இல்ல சார். ரூமுக்குப் போற பஸ்ல. வாயால சொன்னா போனே எழுதிக்கும்."

"அதான் நடுவுல 'ரைட் போலாம், உள்ள போ உள்ள போ'ன்னு வருதா?" மேனேஜர் ஓர் அம்பைத் தட்டினார்.

"அது கண்டக்டர் சார்."

"தெரியுது. எதுக்கு எழுதற? துட்டு வருதா?"

"இல்ல சார்."

"அப்புறம் இன்னாத்துக்கு?"

கேன்டீனில் எத்தனையோ தடவை சொன்ன பதில்தான்.

"ஹாபி சார். ஒருத்தன் கேரம் ஆடறான், ஒருத்தன் ஏரில தூண்டில் போட்டுட்டு உக்காந்திருக்கான். அவங்கள யாரும் எதுக்குன்னு கேக்கறதில்ல. பிளாக் எழுதறேன்னா மட்டும் சிரிக்கறாங்க. ரீல்ஸ அரை நிமிஷத்துல தள்ளிவுட்டுப் போயிடுவாங்க சார். இதுல ஒருத்தர் வந்தா நின்னு படிக்கறாங்க. அன்னன்னிக்கு நடந்தது அன்னிக்கே கரைஞ்சு போயிடாம இருக்கு. பீடி இல்ல, சீட்டு இல்ல. யாருக்கும் தொந்தரவும் இல்ல..."

"எனக்கு இருக்கே!"

மேனேஜர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

"'எங்க மேனேஜர் ஷூவ மொதல்ல கண்ணால பாக்க மாட்டாரு. கைய உள்ள வுட்டுட்டு கண்ண மூடிக்குவாரு. பழைய பாட்டு கேக்கற மாதிரி நிப்பாரு.' இது யாரு, நானா?"

"தப்புங்க சார்."

"தப்புதான். இத மொதல்லயே சொல்லியிருக்கணும்."

"ஆமா சார். உங்ககிட்ட பர்மிஷன் கேட்டுட்டுதான் எழுதியிருக்கணும்."

மேனேஜர் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "எத்தன பேர் படிச்சாங்க?"

எவ்வளவு குறைத்துச் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது என்று தோன்றியது.

"ஜாஸ்தி இல்ல சார். ஒரு நாப்பது பேர்தான்."

"நாப்பது பேரா?"

மேனேஜரின் முகம் சுருங்கிப் போனது. நாற்காலியில் சாய்ந்தார்.

"கமென்ட்டு?"

"அதெல்லாம் ரொம்ப கம்மி சார். யாரோ ஹீனான்னு ஒருத்தங்க சிரிப்பு பொம்மை போட்டாங்க. இன்னொருத்தர் நல்லாருக்குன்னாரு. அவரு எங்க மாமாதான் சார், கணக்குல வராது."

மேனேஜர் உருதுவில் ஏதோ முணுமுணுத்தார். திட்டு என்றே இன்பராஜ் எடுத்துக்கொண்டான்.

"சார், இப்பவே டெலிட் பண்ணிடறேன். இனிமே ஒரு வரி எழுத மாட்டேன். அடுத்த மாசம் கல்யாணம் சார், பத்திரிகை அடிச்சாச்சு." போனை எடுத்தான். அவசரத்தில் வேறு எங்கெங்கோ அழுத்தினான்.

"அரே, போன கீழ வைப்பா!" மேனேஜர் எழுந்தே விட்டார். "டெலிட் பண்றதுக்கா ஞாயித்துக்கெழம பூரா உக்காந்து அம்பு ஒட்டினேன்?"

இன்பராஜுக்கு ஒன்றும் புரியவில்லை. மேனேஜர் சாவி போட்டு டிராயரைத் திறந்தார். அவ்வளவுதான், வேலை நீக்க உத்தரவு வருகிறது என்று அவன் கண்ணை மூடிக்கொண்டான். தொப்பென்று சத்தம் கேட்டுத் திறந்தான்.

தலையணை கனத்துக்கு ஒரு பேப்பர் கட்டு. அதன்மேல் பிரிக்காத அம்பு ஸ்டிக்கர் ரோல் ஒன்று.

கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று மேனேஜர் மறுபடி ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"என் பிளாக்கு," என்றார் குரலைத் தணித்து. "எட்டு வருஷமா எழுதறேன்பா. நாப்பது பேரெல்லாம் வந்ததேயில்ல. ஒருத்தன் கையில எடுத்து ஒரே ஒரு அம்பு ஒட்டல."