ஒரே நூலில் இரண்டு எழுத்து

கல்யாணத் தலையணை உறையில் பிலோமினா தன் முதல் எழுத்தையும் ரிச்சர்டின் முதல் எழுத்தையும் ஒன்றுக்குள் ஒன்றாகப் பின்னித் தைத்திருந்தாள். அவன் அம்மா மரியபுஷ்பம் அதைக் கையில் வாங்கியதிலிருந்து உட்காரவில்லை. சன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தாள்.

“சேத்து வாசிட்டி.”

“பி... ரி... பிரி.”

“சேசுவே! கல்யாண வீட்டுல இந்தச் சொல்லா?”

“வைக்கோலை முறுக்குன கயித்துக்கும் பிரின்னுதான அத்தை பேரு?”

“எங்க வீட்டுல மாடு கிடையாது. இந்த உறை வந்துச்சுன்னா என் மகன் கோயிலுக்கு வரமாட்டான், பாத்துக்க. இப்பவே ஊசிய எடுத்து இதை...” மரியபுஷ்பம் சட்டென்று நின்றாள்.

“இதை?”

“எடுத்துரு.”

“எதை எடுக்க? ரெண்டும் ஒரே நூலு. என் எழுத்தை இழுத்தா அவுக எழுத்தும் கூடவே வந்துரும்.”

பிலோமினா உறையை வாங்கி மடியில் விரித்து, ஊசிமுனையை முதல் தையலுக்கு அடியில் நுழைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

“தையலை என்ன செய்யணும்னு உங்க வாயாலேயே சொல்லிருங்க அத்தை. செஞ்சிருதேன்.”

ஊசியின் மேல் நூல் விறைத்து நின்றது. மரியபுஷ்பம் வாயைத் திறந்தாள், மூடினாள், சிலுவை போட்டுக்கொண்டு மறுபடியும் திறந்தாள்.