கனிசியஸ் பழகிய வேலை

மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடான அந்த வருடம், செல்வரட்ணத்தின் வயிற்றெரிச்சலில் குருநகர் முழுவதற்கும் உலை வைத்திருக்கலாம். எல்லாம் அவனுடைய கூட்டாளி கனிசியஸால் வந்தது.

"பேதுரு மாஸ்டரின்ரை தையல்கடையிலை சம்பளமில்லாமல் என்னடா செய்யிறாய்?" என்று கேட்டான் செல்வரட்ணம்.

"பழகுறன் மச்சான்."

"அதாலை என்ன பிரயோசனம்?"

"கொஞ்ச நாளிலை கடையே என்ரை கைக்கு வந்திடும்."

செல்வரட்ணத்துக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளே கடலுக்குப் போவதை விட்டுவிட்டு மாஸ்டரின் முன்னால் போய் நின்றான்.

"சம்பளம் தரமாட்டன்," என்றார் மாஸ்டர்.

"வேண்டாம் மாஸ்டர். வேலை பழகினால் காணும்."

கனிசியஸை முந்தவேண்டும் என்ற வெறியில் பொத்தான் கட்டினான், காற்சட்டை வெட்டினான், கடைசியில் கோட்டும் தைத்தான். கனிசியஸோ கடைக்குப் பின்னாலிருந்த மாஸ்டர் வீட்டில் தேத்தண்ணி வாங்கி வருவதோடு சரி. ஊசியில் நூல் கோக்கவும் அவனுக்கு வரவில்லை. அதைப் பார்க்கப் பார்க்கச் செல்வரட்ணத்தின் வயிறு குளிர்ந்தது.

ஒருநாள் மாஸ்டர் விலைகூடிய துணியொன்றை நீட்டினார்.

"கனிசியஸுக்கு அளவெடு. கலியாணக் கோட்டு."

"பொம்பிளை ஆர் மாஸ்டர்?"

"என்ரை மகள் யோசப்பின்தான். சீதனம் இந்தக் கடை."

அளவுநாடாவைக் கனிசியஸின் கழுத்தில் கொஞ்சம் இறுக்கியே பிடித்தான் செல்வரட்ணம்.

"வேலை பழகுறன் எண்டெல்லோ சொன்னனீ?"

"வேலை எண்டு நான் எப்பையடா சொன்னனான்? பழகுறன் எண்டுதானே சொன்னனான்!" என்றான் கனிசியஸ். "நெஞ்சைக் கொஞ்சம் தளர்த்தி வெட்டு மச்சான். உன்ரை சம்பளத்தைப் பிறகு கதைப்பம்."